வாசல் வரை வந்த உதவி

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில், 104 மருத்துவ உதவி மையத்தின் மனநல ஆலோசகர்கள், தேர்ச்சி பெறாத மாணவர்களின் பட்டியலைப் பள்ளிக் கல்வித் துறையிடமிருந்து பெற்று, ஒவ்வொரு வீட்டையும் தொலைபேசியில் அழைத்துப் பேசுவது சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் நடந்து வருகிறது. அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கும் ஆசிரியை என்ற முறையில், இந்த ஏற்பாட்டை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் அந்த அழைப்பு எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில், மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை பதிந்து வைக்கும் எமிஸ் இணையதளத்தில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் எண். அவர் பெங்களூரில் ஏதோ ஒரு கட்டட வேலையில் சாரத்தின் மேல் நின்றுகொண்டு, "பொண்ணு நல்லாத்தான் இருக்கா மேடம், நான் சொல்லிக்கிறேன்" என்று பேச்சை முடித்துவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த நேரத்தில் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளைக்கு அப்படியொரு அழைப்பு வந்ததே தெரியாது.

உதவி வாசல் வரை வந்துவிட்டது. வாசலிலிருந்து குழந்தை உட்கார்ந்திருக்கும் இடம் வரை அதைக் கூட்டிக்கொண்டு போக ஒரு பெரியவர் தேவைப்படுகிறார். அந்தப் பெரியவர் அம்மாவாக இருக்கலாம், ஆயாவாக இருக்கலாம், சித்தியோ பக்கத்து வீட்டு அண்ணனோ வகுப்பாசிரியரோ ஆகவும் இருக்கலாம். அவர் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான், பல ஆண்டு வகுப்பாசிரியர் அனுபவத்திலிருந்தும் மனநல மருத்துவர்கள் எங்களுக்கு எடுத்த பயிற்சிகளிலிருந்தும் இங்கே எழுதுகிறேன். முதலில் செய்யக்கூடிய ஒரு சிறு காரியம் உண்டு: ஆண்டுத் தொடக்கத்தில் வகுப்பாசிரியர் மாணவர்களிடமே தனித்தனியாக, "உனக்கு ஏதாவது கஷ்டம்னா வீட்டுல யார்கிட்ட பேசுவ?" என்று கேட்டு, அவர்கள் சொல்லும் ஆளின் எண்ணையும் வாங்கிக் குறித்து வைப்பது. பாதிப் பேர் அப்பாவையோ அம்மாவையோ சொல்வதில்லை. மாமாவின் மனைவி, கல்லூரியில் படிக்கும் அக்கா, டியூஷன் எடுத்த அண்ணன் என்று வரும். நெருக்கடி நேரத்தில் அந்த எண்தான் வேலை செய்யும்.

எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 14416 என்பது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தேசியத் தொலைபேசி மனநல சேவை. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடமோ இணைத்துவிடுவார். 104 மாநில அரசின் மருத்துவ உதவி எண். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். அடி, துன்புறுத்தல், பாலியல் தொல்லை, கட்டாயத் திருமணம் எதுவானாலும் அங்கே சொல்லலாம். 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். இவை தவிர, டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் இவற்றில் எதையும் யோசிக்காமல் 108.

எங்கள் பள்ளிச் சுவரிலும் இந்த எண்களில் சில பெயிண்டில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் மனம் உடைந்து கிடக்கும் பதினாறு வயதுப் பிள்ளை, தானே எழுந்து, ஒரு போனைத் தேடி எடுத்து, முன்பின் தெரியாத ஒருவரிடம், "எனக்கு வாழப் பிடிக்கவில்லை" என்று சொல்லத் தொடங்குவது எவ்வளவு கடினம் என்பதை நாம் யோசிப்பதில்லை. பல பிள்ளைகளிடம் சொந்தமாகப் போனே இல்லை. இருக்கிற ஒரே போன் கூடத்தில், எல்லோர் காதிலும் விழும் இடத்தில் இருக்கிறது. எண்ணைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, "எப்ப வேணும்னாலும் கூப்பிடு" என்று சொல்லி அனுப்பினால் நம் மனம் ஆறுமே தவிர அந்தப் பிள்ளைக்குப் பெரிதாக எதுவும் நடந்துவிடாது. பக்கத்தில் உட்கார்ந்து, நம் போனிலேயே எண்ணைப் போட்டு, முதல் இரண்டு வாக்கியங்களை நாமே பேசி, பிறகு போனை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிளஸ் டூ மாணவி, நன்றாகப் படிக்கக்கூடியவள். அரையாண்டுத் தேர்வில் முதல் பக்கத்தில் பதிவெண்ணை மட்டும் எழுதிவிட்டு, மூன்று மணி நேரமும் உட்கார்ந்திருந்து, வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்கு முந்தைய வாரம்தான் தன் ஜியாமெட்ரி பாக்ஸையும், ஆசையாக வைத்திருந்த வாட்சையும் தோழிக்குக் கொடுத்திருக்கிறாள் என்பது தோழியிடம் விசாரித்தபோது தெரிந்தது. எல்லோரும் போன பிறகு ஆய்வகத்தில் அவளை உட்கார வைத்து, மார்க் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், சாப்பிட்டாளா, இரவு தூங்குகிறாளா என்று கேட்டேன். நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது என்றாள். அதற்குப் பிறகு நேராகவே கேட்டேன்: "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதாம்மா?" சிறிது நேரம் மேஜையில் இருந்த பிப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "தினமும் தோணுது மிஸ். யாரும் கேக்கலை" என்றாள்.

அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போல் ஆகிவிடாதா என்பதுதான் பெற்றோர், ஆசிரியர் எல்லோருக்கும் இருக்கும் பயம். அப்படி ஆவதில்லை என்பதை உலகம் முழுவதும் தற்கொலைத் தடுப்பில் வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். நேராகக் கேட்பது பிள்ளைக்குப் பேச வழி திறந்துவிடுகிறது. சுற்றி வளைத்து, "தப்பா ஒண்ணும் நினைக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலைத்தான் நாமே வாங்கிக்கொள்கிறோம். "ஆமாம்" என்று பதில் வந்தால் பதறாமல், "எப்பலேர்ந்து இப்படித் தோணுது? ஏதாவது செய்யணும்னு முடிவு பண்ணி வச்சிருக்கியா?" என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். திட்டம், நாள், இடம் என்று எதையாவது சொன்னால் அந்த நிமிடத்திலிருந்து பிள்ளையைத் தனியாக விடக்கூடாது. கழிவறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே ஒருவர் நிற்க வேண்டும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்து கொடுத்துவிடக் கூடாது. "யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு மட்டும், உன்கிட்ட சொல்லிட்டுச் சொல்றேன்" என்பதே நேர்மையான வாக்கு.

அன்று ஆய்வகத்திலிருந்தே 14416-ஐ அழைத்துப் பேச வைத்தேன். நூறு நாள் வேலைக்குப் போயிருந்த அவளுடைய அம்மாவை ஊர்க்காரர் ஒருவர் வண்டியில் கூட்டிவந்தார். அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "நான் என்னடி கொறை வச்சேன் உனக்கு?" என்பது. அதில் கோபத்தைவிடப் பயமே அதிகம் இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் மகளின் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். அம்மாவைத் தனியே அழைத்து, இப்போதைக்குக் காரணம் கேட்க வேண்டாம், அறிவுரை வேண்டாம், இன்று இரவு பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள், வயலுக்கு வாங்கி வைத்திருக்கும் மருந்தையும் ஆயாவின் மாத்திரைகளையும் வீட்டைவிட்டு வெளியேற்றிவிடுங்கள் அல்லது பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். இதை எந்தக் குடும்பமும் சிறு விஷயமாக எண்ண வேண்டாம். உயிரை விடத் தூண்டும் அந்த வேகம் பெரும்பாலும் நெடுநேரம் அதே உச்சத்தில் நிற்பதில்லை. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதும், ஒரு மனிதர் கூட இருப்பதும் உயிரைக் காப்பாற்றுகின்றன.

மறுநாள் காலை மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மூவரும் பேருந்தில் போனோம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் அடங்கிய குழு ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. சிகிச்சையும் மாத்திரையும் இலவசம். இந்தச் செய்தி பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களுக்கும் அந்த அறைக்கு முன்னால் உள்ள பெஞ்சில் உட்காரக் கூச்சம். "தெரிஞ்சவங்க யாராவது பாத்தா என்னன்னு சொல்றது மிஸ்?" என்று அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். 1794-இல் தொடங்கிய வரலாறுடைய சென்னை அரசு மனநலக் காப்பகம் இருக்கும் கீழ்ப்பாக்கத்தின் பெயரை, வகுப்பறையிலும் சினிமாவிலும் வசைச் சொல்லாக ஆக்கி வைத்திருக்கும் நம் சமூகத்தில் அந்தக் கூச்சத்துக்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மருத்துவர் அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு மகளோடு வெகுநேரம் பேசினார். பிறகு இருவரையும் சேர்த்து வைத்துப் பேசினார். மந்திரித்துக் கயிறு கட்டியிருந்ததைப் பார்த்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. "கயிறும் இருக்கட்டும்மா, மாத்திரையும் விடாம குடுங்க" என்றார். நம்பிக்கையைக் கேலி செய்து ஒரு குடும்பத்தைச் சிகிச்சையிலிருந்து விரட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கூச்சத்துக்கு அடுத்தபடி குடும்பங்களைத் தடுப்பது போலீஸ் பயம். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற பிள்ளையை, கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி, நேரத்தோடு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வைத்தியம் பார்த்த குடும்பங்கள் உண்டு. 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கில் செய்யப்படும் முயற்சி மட்டுமே அதில் குற்றம். மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம், காவலர் வந்து விசாரிக்கலாம். அதற்காக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கத் தேவையில்லை. மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையையும் தருகிறது. மாற்றுச் சான்றிதழிலோ மதிப்பெண் பட்டியலிலோ இதையெல்லாம் எழுதும் வழக்கமே கிடையாது.

டிசி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உறவினர் மகன் ஒருவன் படித்த தனியார் விடுதிப் பள்ளியில், அவன் தன் கையைத் தானே காயப்படுத்திக்கொண்டது தெரியவந்த மறுநாளே, "பள்ளிக்குக் கெட்ட பேர் வந்துடும்" என்று பெற்றோரை வரவழைத்துப் பெட்டியோடு அனுப்பிவிட்டார்கள். உதவி மிகவும் தேவைப்பட்ட நாளில் அந்தப் பையன் நண்பர்களையும் வகுப்பையும் ஒருசேர இழந்தான். இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் வழிகாட்டுதல்களை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும்; ஊழியர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும்; மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைத் தனி வகுப்புகளாகப் பிரிப்பதையும் எல்லோர் முன்னிலையில் அவமானப்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும் என்பன அவற்றுள் சில.

அரசுப் பள்ளிகள் பலவற்றில் இன்னும் முழுநேர ஆலோசகர் இல்லை. நடமாடும் ஆலோசனை மையங்கள் உண்டு. ஆனால் ஒரு வண்டி பல மாவட்டங்களுக்குப் பொறுப்பு என்றால் அது எங்கள் வாசலுக்கு எத்தனை முறை வர முடியும்? ஆலோசகர் நியமனம் அரசின் கையில் இருக்கிறது. அவமானப்படுத்தாமல் இருப்பதற்கு யாருடைய ஆணையும் வேண்டியதில்லை. 'மெல்லக் கற்போர்' பட்டியலைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் படித்து, அவர்களை முன்னால் வந்து நிற்கச் சொல்லும் பழக்கம் சில பள்ளிகளில் இன்றும் இருக்கிறது. எல்லோர் முன்பும் நின்றுவிட்டுப் போகும் பிள்ளை அதற்குப் பிறகு நம்மிடம் வந்து மனம் திறக்காது. 2017-இல் தமிழ்நாடு பொதுத்தேர்வுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியதும், தேர்ச்சி பெறாதவர்கள் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரியில் சேர வழி இருப்பதும், பிள்ளைகளின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய நிர்வாக முடிவுகள் என்றே நான் நம்புகிறேன். முடிவு வெளியான அன்றே துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வழியைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசினால், "எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்ற எண்ணத்துக்கு அங்கேயே ஒரு பதில் கிடைத்துவிடுகிறது.

தேர்வு மட்டுமே காரணம் என்று எண்ணிவிடவும் கூடாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நாடு முழுவதும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அதிக இழப்பு ஏற்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் முன்வரிசையில் இருக்கிறது. என் அனுபவத்தில், மார்க் குறைவது பெரும்பாலும் வெளியே தெரியும் அறிகுறிதான். அதற்கு அடியில் அப்பாவின் குடி இருக்கும், வீட்டில் தினமும் நடக்கும் சண்டை இருக்கும், யாரோ மிரட்டுவதற்கு வைத்திருக்கும் ஒரு புகைப்படம் இருக்கும், சாதியைச் சொல்லி வகுப்பிலேயே நடக்கும் கேலி இருக்கும், சில நேரம் எந்தக் காரணமும் இல்லாமல் மனச்சோர்வு நோயே இருக்கும். பாலியல் தொல்லை என்று தெரிந்தால், குடும்ப மானம் கருதி அதை மூடி வைக்க யாருக்கும் உரிமை இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின்படி, தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். அப்படியான பிள்ளையிடம் முதலில் சொல்ல வேண்டியது, "உன் மேல எந்தத் தப்பும் இல்லை, நீ சொன்னதை நான் நம்பறேன்" என்பதே. அதைக் கேட்பதற்காகவே பல மாதங்கள் காத்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

"எல்லாம் நடிப்பு, நம்ம கவனத்தை இழுக்கறதுக்காகப் பண்ணுது" என்று சொல்லும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். ஒரு பிள்ளை நம் கவனத்தைப் பெறுவதற்காக உயிரைப் பற்றிப் பேசும் நிலைக்கு வந்திருக்கிறது என்றால், அந்தக் கவனத்தை உடனே கொடுத்துவிடுவதில் நமக்கு என்ன குறைந்துவிடும்? "உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்கல்லாம் இல்லையா" என்பதும், "அம்மா அப்பாவை நினைச்சுப் பார்த்தியா" என்பதும் நல்ல எண்ணத்தில் சொல்லப்படுபவைதாம். ஆனால் ஏற்கெனவே தன்னைச் சுமையாக நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அவை சுமையைக் கூட்டுகின்றன. சொல்ல ஒன்றும் தோன்றவில்லை என்றால் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் போதும்.

சிகிச்சை தொடங்கிய பிறகுள்ள நாட்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தரப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும்; "பத்து நாளா சாப்பிடுறா, ஒண்ணும் மாறலையே" என்று நிறுத்திவிடுவதும், கொஞ்சம் தெளிந்ததும் "இனி எதுக்கு" என்று நிறுத்திவிடுவதும் அடிக்கடி நடக்கின்றன. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. தொடக்க வாரங்களில் மாத்திரையைப் பெரியவர் கையில் வைத்திருந்து வேளைக்கு எடுத்துக்கொடுப்பதும், பிள்ளையின் பேச்சிலும் தூக்கத்திலும் திடீர் மாற்றம் தெரிந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் அழைத்துப்போவதும் அவசியம்.

பள்ளிக்குத் திரும்பும் நாளை ஆசிரியர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நான் குறிப்பிட்ட மாணவி திரும்பி வருவதற்கு முன், அவளுடைய வகுப்புக்குப் போகும் ஆறு ஆசிரியர்களிடமும், உடல்நலம் சரியில்லாமல் இருந்தாள் என்பதைத் தவிர வேறு எதையும் வகுப்பில் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். விடுபட்ட பாடங்களை ஒரே வாரத்தில் முடிக்கச் சொல்லாமல், பொதுத்தேர்வுக்குத் தேவையான பகுதிகளை மட்டும் பிரித்துக் கொடுத்தோம். செய்முறைப் பதிவேட்டை முடிக்கத் தோழி உதவினாள். காலை முதல் பாடவேளையில் மாத்திரையின் மயக்கத்தில் கண் சொக்கினால் எழுப்பி நிற்க வைக்காமல் விட்டுவிடும்படி சொல்லி வைத்தோம். மருத்துவரைப் பார்க்கப் போகும் நாட்களுக்கு விடுப்புக் கடிதம் கேட்டு அவளை அலுவலக வாசலில் நிறுத்துவதில்லை என்று தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். அந்த நாட்களில் அம்மாவின் போனிலிருந்து எனக்கு வரும் ஒரு குறுஞ்செய்தியே போதும் என்று முடிவாயிற்று.